பெயர் வெட்டுப்பட்டால் காணியும் போய்விடுமா?

கேள்வி: எங்கள் ஊர் முல்லைத்தீவு மாவட்டம். முள்ளிவாய்க்கால்வரை போய் உயிரோடு திரும்பி, ஊரில் மீளக் குடியேறினோம். மூத்தவனின் படிப்புக்காக ஆறு வருஷமாக வவுனியாவில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மனம் முழுக்க ஊரில்தான். தைப்பொங்கலுக்குப் போனபோதுதான் தெரிந்தது, என் பெயரையும் மனைவியின் பெயரையும் வாக்காளர் இடாப்பிலிருந்து ஜீ.எஸ். (கிராம சேவையாளர்) வெட்டிவிட்டார். வேலிப் பிரச்சினையில் என்னோடு முரண்டு பிடிக்கிறவர் அவருடைய மச்சான். பிரான்சில் இருக்கிற தம்பியின் பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது! வாக்குப் போனால் எல்.டி.ஓ. பெர்மிற் காணியும் (காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த காணி) போகும் என்கிறார்கள். அடிப்படை உரிமை மீறல் வழக்குப் போடலாமா? நான் எழுதிய மனுவை இணைத்திருக்கிறேன்.

பதில்: நான்கு பக்க மனுவை முழுதாகப் படித்தேன். அதில் சட்டத்துக்கு வேண்டிய வசனம் ஒன்றுதான்: "ஆறு வருஷமாக வவுனியாவில் இருக்கிறோம்." 1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க வாக்காளர் பதிவுச் சட்டம் நீங்கள் சாதாரணமாக வசிக்கிற இடத்தைத்தான் கேட்கிறது. மனம் எங்கே இருக்கிறது என்று அது கேட்பதில்லை. ஜீ.எஸ். விபரம் திரட்டுகிறவர், நீக்குவது பதிவு அலுவலர். நீக்கப்பட இருப்போர் பட்டியல் கச்சேரியிலும் (மாவட்டச் செயலகம்) பிரதேச செயலகத்திலும் தொங்கியபோது நீங்கள் உரிமைக் கோரிக்கை கொடுக்கவில்லை. அடிப்படை உரிமை மனுவுக்கு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தருவது ஒரு மாதம். பொங்கல் முடிந்து எத்தனை மாதம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். மச்சான் கதையை உயர் நீதிமன்றத்தில் சொல்லிப் பயனில்லை.

அப்படி எதை இழந்துவிட்டீர்கள்? முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மூன்றும் ஒரே வன்னித் தேர்தல் மாவட்டம். பாராளுமன்றத் தேர்தலில் ஊரில் நின்று போடுகிற வாக்கும் வவுனியாவில் போடுகிற வாக்கும் அதே 6 ஆசனங்களுக்குத்தான். சனாதிபதித் தேர்தலுக்கு நாடு முழுவதுமே ஒரு தொகுதி. கிளிநொச்சிக்குக் குடிபெயர்ந்திருந்தாலாவது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குப் போயிருப்பீர்கள். இங்கே மாறப்போவது உள்ளூராட்சித் தேர்தலும் மாகாண சபைத் தேர்தலும் மட்டும்தான்.

எனக்குப் பயம் உங்கள் மனுவைப் பற்றித்தான். "ஊரில் குடியிருக்கவில்லை" என்று நீங்களே எழுதி, நீங்களே கையெழுத்து வைத்து, பிரதிகளைப் பிரதேச செயலாளருக்கும் காணிக் கிளைக்கும் அனுப்பப் போகிறீர்களாம். வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லை என்பதற்காக ஒருவருடைய பெர்மிற் இரத்தாகாது. நிபந்தனையை மீறினால் இரத்தாகலாம். பல பெர்மிற்றுகளில் காணியில் குடியிருக்க வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. என்னிடம் வந்த ஒருவர் இதேபோல ரோசத்தில் ஐந்து இடத்துக்குக் கடிதம் போட்டார். வாக்கைப் பற்றி எவரும் பதில் எழுதவில்லை. காணிக் கோவையில் போய்ச் சேர்ந்த பிரதியை வைத்து, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் 106ஆம் பிரிவில் அறிவித்தல் வந்தது. விசாரணையில் அவருக்கு எதிரான ஒரே சாட்சி அவர் எழுதிய கடிதம்தான்.

இரண்டாவது ஆபத்து உங்கள் தம்பி. அநீதிக்குச் சாட்சியாக அவரைக் காட்டுகிறீர்கள். அம்மாவின் வீட்டுக்கான பீ.சீ. படிவத்தை (வாக்காளர் விபரம் திரட்டும் படிவம்) நிரப்புவது நான்தான் என்று மனுவின் மூன்றாம் பக்கத்தில் எழுதியும் இருக்கிறீர்கள். பிரான்சில் இருக்கிறவரை ஊரில் குடியிருப்பவராகக் காட்டிப் படிவம் கொடுப்பது குற்றம். நமது நாட்டில் வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க வழியில்லை. அப்படியிருக்க அந்தப் பெயரை வைத்திருந்து என்ன காணப் போகிறோம்? "பெயர் கிடந்தால் உரித்து இருக்கும்" என்பது வன்னியில் பழகிப்போன மூடநம்பிக்கை. அது உரித்தைத் தராது, யாரோ ஒரு பெடியனுக்கு அந்த வாக்கைப் போடும் ஆசையைத்தான் தரும். வாக்கெடுப்பு முகவர் ஆட்சேபித்தாலும் இல்லாவிட்டாலும் அது ஆள்மாறாட்டம். குற்றவாளியானால் தண்டனையோடு 7 வருஷம் வாக்குரிமையும் போகும். தம்பியின் பெயரை எடுத்துவிடும்படி அடுத்த திருத்தத்தில் அம்மாவைக் கொண்டு அறிவியுங்கள்.

ஊரில்தான் இருக்கிறோம் என்று சத்தியக் கடதாசி முடித்துப் பெயரைத் திரும்பப் போடலாமா என்று மனைவி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம். இளையவளை அடுத்த வருஷம் வவுனியாவில் முதலாம் தரத்தில் சேர்க்க வேண்டும் என்கிறீர்களே, அங்கே முந்திய 5 வருஷ வாக்காளர் இடாப்பைப் பார்த்தும் வதிவிடத்துக்குப் புள்ளி போடுவார்கள். ஆறு வருஷமும் ஊரில் பதிந்திருந்ததால் அந்தப் புள்ளிகள் ஏற்கெனவே போய்விட்டன. இதற்குமேல் பொய்ச் சத்தியக் கடதாசியையும் வைத்தால், நேர்முகத்துக்கு வரும் வேறொரு பெற்றோர் அதைத் தூக்கிக் காட்டுவார். இரண்டு இடத்திலும் பெயர் வைத்திருந்த ஒரு தகப்பனுக்கு அப்படி நடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே வவுனியாவில் உங்கள் பிரிவு ஜீ.எஸ்.ஸிடம் போய் இருவரும் பதியுங்கள். வாடகை வீடு என்பது தடையல்ல, வீட்டுக்காரரின் சம்மதமும் சட்டத்துக்குத் தேவையில்லை. ஆனாலும் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், காணி பிடிக்கப் போகிறீர்கள் என்று பயந்துவிடுவார். பெயர் ஏறிவிட்டதா என்று தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துப் பாருங்கள். பெயர் இருந்தால் வாக்காளர் அட்டை வராவிட்டாலும் அடையாள அட்டையோடு போய் வாக்களிக்கலாம். பெயர் இல்லாவிட்டால் அன்றைக்கு எவராலும் எதுவும் செய்ய முடியாது.

வேலியை மத்தியஸ்த சபையில் பேசி முடியுங்கள். இரண்டு முழம் விட்டுக்கொடுக்க வேண்டி வந்தாலும் முடியுங்கள். அம்மா அந்த ஊரில் இருக்கிறவரைக்கும் அந்த ஜீ.எஸ்.ஸின் கையெழுத்து உங்களுக்கு வேண்டும்.

பெர்மிற்றின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். மனுவைக் கிழித்துவிடுங்கள்.