திருச்சி டு சிட்னி: நிஜமா எத்தனை மணி நேரம்?

பாபநாசத்துலேர்ந்து ஒருத்தர் கேட்டிருக்காரு. அம்மாவை சிட்னில இருக்கற தங்கச்சி வீட்டுக்கு அனுப்பணும், அம்மாவுக்கு 68 வயசு, சுகர் வேற, ஒரு சைட்ல 9,100 கிலோமீட்டர் பதினோரு மணி நேரம்னு போடுது, டிக்கெட்ல பாத்தா சிங்கப்பூர் வழியா 00:30க்கு கிளம்பி அன்னிக்கே 19:15க்கு இறங்கறாங்க, அது பதினெட்டே முக்கால் மணி நேரம் வருதே, எது சரின்னு.

ரெண்டும் இல்லைங்க, பதினாலே கால் மணி நேரம்தான்.

டிக்கெட்ல போட்டிருக்கற ஒவ்வொரு டைமும் அந்தந்த ஊர் டைம். சிட்னி நம்மள விட நாலரை மணி நேரம் முன்னாடி ஓடுது (அக்டோபர் முதல் ஞாயிறுலேர்ந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரைக்கும் அஞ்சரை). அங்க 19:15ன்னா இங்க மத்தியானம் 2:45, காப்பிக்கு பால் வைக்கற நேரம். சிங்கப்பூர் வரைக்கும் நாலே கால், அங்க ரெண்டே கால் வெயிட்டிங், அப்பறம் ஏழே முக்கால், கூட்டிப் பாருங்க. திரும்பி வர்றப்ப ஆஸ்திரேலியா மேல மேற்கேர்ந்து வீசற காத்தை எதிர்த்து வரணும், அதனால அரை மணி கூடவே ஆகும்.

அந்த பதினோரு மணி நேரம் நேரா ஒரே ஃபிளைட்ல பறந்தா ஆகற கணக்கு, அப்படி ஒரு ஃபிளைட் திருச்சிலேர்ந்து கிடையாது. ஆனா சிங்கப்பூர் வழியா போறதுல தூரம் ஒண்ணும் வீணாகல. 2,980ம் 6,290ம் சேர்ந்து 9,270 கிலோமீட்டர், நேர் கோட்டை விட 170தான் அதிகம், உங்க ஊர்லேர்ந்து திருச்சி ஏர்போர்ட் போய்ட்டு வர்ற தூரம். துபாய் வழியான்னா கிட்டத்தட்ட 15,000 கிலோமீட்டர், முதல்ல மேற்க போய்ட்டு அப்பறம் கிழக்க திரும்பணும், அதுவும் ஒரு ஸ்டாப்னுதான் காட்டும். காசு கம்மியா இருக்கேன்னு வயசானவங்களுக்கு அதைப் போடாதீங்க.

இதைவிட முக்கியமானது தேதி. 12-ஆம் தேதி 00:30ன்னா 11-ஆம் தேதி ராத்திரி. சாயந்தரம் ஆறரைக்கெல்லாம் கார் வீட்ட விட்டுக் கிளம்பிடணும், தஞ்சாவூர் தாண்டி செங்கிப்பட்டி துவாக்குடி வழியா ரெண்டு மணி நேரம் ஆகும், ஒன்பது மணிக்கு கவுன்டர்ல நிக்கணும். என்கிட்ட டிக்கெட் எடுத்த ஒரு பெரியவர் 12-ஆம் தேதி ராத்திரி மாலையும் பையுமா குடும்பத்தோட வந்து நின்னாரு, ஃபிளைட் முந்தின ராத்திரியே போயிடுச்சு, அவர் மூஞ்சி இன்னும் மறக்கல, அன்னிலேர்ந்து நான் டிக்கெட் மேல "11 ராத்திரி"ன்னு சிவப்பு பேனாவுல எழுதித்தான் குடுக்கறேன்.

ரெண்டு ஃபிளைட்டும் ஒரே பிஎன்ஆர்ல இருக்கான்னு பாருங்க, இருந்தா பெட்டி பொதுவா நேரா சிட்னிக்கே போயிடும், தனித்தனின்னா அம்மா சிங்கப்பூர்ல வெளிய வந்து பெட்டிய எடுத்து மறுபடி போடற மாதிரி ஆயிடலாம். சுகர் மாத்திரை கைப்பைல இருக்கட்டும், எந்த வேளைக்கு எதுன்னு டாக்டர்கிட்ட நம்ம ஊர் மணியிலயே எழுதி வாங்குங்க, சிட்னி இறங்கற வரைக்கும் அம்மா கைக்கடிகாரத்தை மாத்த வேணாம்.