வெடிக்காத ரவுண்டை என்ன செய்வது?

கேள்வி: என்.சி.சி. முகாமில் பாயிண்ட் 22 ரைபிள் சுடும்போது என் மகளுக்கு ஒரு ரவுண்டு (தோட்டா) வெடிக்கவில்லை. பேரலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைத் திறக்கப் போனவளை ஹவில்தார் சத்தம் போட்டு நிறுத்திவிட்டாராம். பழுதான தோட்டா என்றால் உடனே எடுத்துப் போட வேண்டியதுதானே?
- வாசகி, கரூர்

பதில்: அவர் சத்தம் போட்டது நூற்றுக்கு நூறு சரி. ட்ரிகரை இழுத்தும் வெடிக்காத தோட்டா செத்துப்போய்விட்டது என்று நம்பிவிடக் கூடாது. ஈரம் பட்டதோ பழசோ ஆக இருந்தால் உள்ளே மெதுவாகத் தீப்பிடித்து, கொஞ்சம் தாமதித்தும் வெடிக்கலாம். அந்த நேரம் பார்த்து போல்ட் திறந்திருந்தால் பித்தளைக் கூட்டைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை, கிழிந்து சிதறுவது முகத்துக்கு நேராகத்தான். அதனால்தான் பேரலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு 30 நொடியாவது காத்திருக்கச் சொல்கிறார்கள். பாயிண்ட் 22 தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிவிளிம்புக்குள் பூசியிருக்கும், ஒரு இடத்தில் பூச்சு விட்டுப்போய் ஊசி அங்கேயே அடித்தால் வெடிக்காது.

இதைவிட எனக்குப் பயம் தருவது வெடிமருந்து குறைந்த ரவுண்டு. 'புஸ்' என்று சின்னச் சத்தம், உதைப்பே இருக்காது, குண்டு பேரலுக்குள்ளேயே நின்றுவிடும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் பேரல் வீங்கும், வெடிக்கவும் வெடிக்கும். சத்தம் மாறினால் கையைத் தூக்கிப் பயிற்சியாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

கேள்வி: வியட்நாமில் எம்16 ரைபிள் அடைத்துக்கொண்டதால் அமெரிக்க வீரர்கள் செத்தார்கள் என்பது உண்மையா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: உண்மைதான், தடுத்திருக்கக்கூடிய சாவுகள் அவை. ஒருவகை வெடிமருந்தை வைத்து உருவாக்கிய ரைபிளுக்கு, வேறு மருந்து நிரப்பிய தோட்டாக்களைக் கொடுத்துக் களத்துக்கு அனுப்பினார்கள். சுடும் வேகம் கூடிப்போனது, கரியும் அதிகம் படிந்தது. தோட்டா உட்காரும் அறைக்குக் குரோம் பூச்சு இல்லாததால் அந்த நாட்டு ஈரத்தில் துரு அரித்து, சுட்ட கூடு உள்ளேயே ஒட்டிக்கொண்டது. எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போது பேரலின் வாய் வழியாகத் துடைக்கும் கம்பியை விட்டு அதை இடித்துத் தள்ள வேண்டும். அந்தக் கம்பிகூடப் பலரிடம் இல்லை, ஏனென்றால் சுத்தம் செய்யவே தேவையில்லாத துப்பாக்கி என்ற பேச்சு பரவியிருந்தது! வீரர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களால் விஷயம் வெளியே வந்தது. 1967-ல் இக்கார்ட் என்ற எம்.பி. தலைமையிலான அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்து, தோட்டாவின் குறையைச் சரிசெய்யாமல் விட்டது கிட்டத்தட்ட குற்றத்துக்கு நிகரான அலட்சியம் என்றே எழுதியது. அறைக்குக் குரோம் பூச்சும், வீரர்கள் கைக்குத் துடைக்கும் சாமான்களும், படம் போட்டு விளக்கும் கையேடும் முறையாக வந்து சேர்ந்தது இத்தனைக்கும் அப்புறம்தான்.