வெளிச்சமில்லாக் கடலில் பவளம்

கேள்வி: பவளம் வெயில் படும் வெதுவெதுப்பான கடலில்தான் வளரும் என்று பள்ளியில் படித்தோம். நார்வேயின் குளிர்கடலில், ஒளி எட்டாத ஆழத்தில் பவளத்திட்டுகள் இருப்பதாக ஒரு செய்தியில் கண்டேன். இது உண்மையா? அவற்றின் வயதை எப்படிக் கணிக்கிறார்கள்?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: உண்மைதான். பள்ளிப் பாடமும் தவறன்று. அது பாதிக் கதையோடு நின்றுவிட்டது. மன்னார் வளைகுடாவின் திட்டுகளைக் கட்டும் பவளங்களின் திசுக்களில் நுண்பாசிகள் குடியிருந்து, வெயிலைக் கொண்டு உணவு தயாரித்துத் தருகின்றன. குளிர்கடல் பவளத்துக்கு இந்தத் துணை கிடையாது. நீரோட்டம் கொண்டுவரும் மிதவை உயிரிகளையும் மேலிருந்து உதிரும் உணவுத் துணுக்குகளையும் உணர்கொம்புகளால் பிடித்து உண்பதால், அதற்கு வெளிச்சத்தைவிட நீரோட்டமே முக்கியம்.

இவற்றுள் பெயர் பெற்றது லோஃபீலியா பெர்டூசா. 1758-இலேயே சுவீடன் நாட்டு உயிரியலாளர் லின்னேயஸ் இதற்குப் பெயரிட்டுவிட்டார்; ஆனாலும் நார்வேயின் லோஃபோடென் தீவுகளை அடுத்து, 300 முதல் 400 மீட்டர் ஆழத்தில், சுமார் 35 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் ரோஸ்ட் திட்டு 2002-இல்தான் கண்டறியப்பட்டது. கப்பலிலிருந்து ஒலியலைகளை விசிறிபோல் அனுப்பி, எதிரொலியைக் கொண்டு கடலடியின் மேடுபள்ளங்களை வரைந்துகொண்டு, பிறகு கேமரா பொருத்திய ஆளில்லா நீர்மூழ்கியை இறக்கிப் பார்ப்பதே இத்துறையின் வழக்கம்.

வயதுக்கு வருவோம். பவளம் தன் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டும்போது கடல்நீரிலுள்ள யுரேனியத்தையும் உள்ளே சேர்த்துக்கொள்கிறது. தோரியமோ கடல்நீரில் மிகமிகக் குறைவு. ஆகவே, கூட்டில் இன்று காணப்படும் தோரியம்-230 பெரும்பாலும் அந்த யுரேனியம் சிதைந்து பிறந்ததே என்று கொண்டு, இரண்டின் விகிதத்தை அளந்தால் கூடு உருவான காலம் தெரிந்துவிடும். கார்பன்-14 முறையும் உண்டு. கார்பன்-14 என்பது காற்றில் உருவாகி, காலப்போக்கில் சிதைந்து குறையும் கதிரியக்கக் கார்பன்; எஞ்சியிருப்பதை அளந்து வயதைக் கணிப்பார்கள். அதில் ஒரு வம்பு இருக்கிறது. ஆழ்நீர் காற்றைத் தொட்டே நெடுங்காலம் ஆகியிருப்பதால் அதிலுள்ள கார்பன்-14 ஏற்கெனவே குறைந்திருக்கும். அதைக் கொண்டு கட்டிய கூடு, நேற்று வளர்ந்ததாயினும், பல நூறு ஆண்டு பழையதுபோல் காட்டும். இந்தப் பிழையைக் கழித்தாக வேண்டும். (இதையே திருப்பிப் போட்டு, ஒரே கூட்டை இரண்டு முறைகளிலும் அளந்து, பண்டைய ஆழ்நீர் காற்றைப் பிரிந்து எவ்வளவு காலமாயிற்று என்று கணக்கிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.)

ஒரு திட்டின் வயதும் அதன்மேல் இன்று உயிரோடிருக்கும் பவளத்தின் வயதும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். திட்டின் பெரும்பகுதி இறந்த கூடுகளே. மேற்பரப்பில்தான் உயிர் இருக்கும். தனி உயிர் என்று பார்த்தால், ஹவாய்க் கடலில் எடுத்த லியோபாத்தஸ் என்ற கரும்பவளம் ஒன்றுக்கு வயது சுமார் 4,265 என்று 2009-இல் வெளியான ஆய்வு கணித்தது. அதன் தண்டு சுண்ணாம்பு அன்று, புரதத்தாலும், பூச்சிகளின் ஓட்டிலும் உள்ள கைட்டின் என்ற பொருளாலும் ஆனது. மேல்மட்டத்திலிருந்து உதிரும் உணவின் கார்பனே அதில் சேர்வதால், அங்கே கார்பன்-14 ஆழ்நீரின் பழமையால் ஏமாற்றுவதில்லை.