போட்டிக் கடைக்கு எந்தத் தேடல் சொல்லில் ஆள் வருகிறது? கேள்வி பதில்

கேள்வி (மரச்செக்கு எண்ணெய், காங்கேயம்): வணக்கம் மேடம். எங்கள் பக்கம் ஏழெட்டு செக்குக் கடைகள் இருக்கின்றன. யாருடைய தேடல் சொற்களைப் பார்ப்பது? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஊர்க் கடைகளை இப்போதைக்கு விடுங்கள். வாட்ஸ்அப்பைத் திறந்து, கடந்த மூன்று மாதத்தில் வாடிக்கையாளர்கள் விசாரித்ததில் பத்து வாக்கியங்களை அவர்கள் தட்டிய மாதிரியே, எழுத்துப் பிழையோடு எடுத்து எழுதுங்கள். "15 கிலோ டின் கடலை எண்ணெய் என்ன விலை", "கருப்பட்டி போட்டு ஆட்டின நல்லெண்ணெய் இருக்கா", "எள்ளு கொண்டாந்தா ஆட்டித் தருவீங்களா" என்று இருக்கும்.

இந்தப் பத்தையும் மொபைலில், இன்காக்னிட்டோ சாளரத்தில், ஒவ்வொன்றாகத் தேடுங்கள். வழக்கமாகப் பயன்படுத்தும் சாளரத்தில் தேடினால் நீங்கள் அடிக்கடி போகும் தளங்கள் மேலே வந்து ஏமாற்றும். ஒவ்வொரு தேடலிலும் விளம்பரங்களைத் தள்ளிவிட்டு, முதல் பத்து தளங்களை எக்ஸெல்லில் குறியுங்கள். பத்து தேடலில் மூன்றுக்கு மேல் எந்தத் தளம் தலைகாட்டுகிறதோ அதுதான் உங்கள் போட்டியாளர். அது சென்னையிலோ கோவையிலோ இருக்கலாம். எதிர்க்கடைக்காரர் பட்டியலிலேயே வராமலும் போகலாம்.

அமேசான், ஃபிளிப்கார்ட், ஜஸ்ட்டயல் கட்டாயம் வரும். குறித்து வையுங்கள், ஆனால் அவர்கள் வழியில் போகாதீர்கள். அவர்கள் பக்கம் மேலே நிற்பது தளத்தின் பலத்தால். சொல்லைத் தேர்ந்தெடுத்த திறமையால் இல்லை. உங்கள் அளவுள்ள இரண்டு மூன்று தளங்கள் போதும்.

கேள்வி (அதே நண்பர்): சரி, அந்த மூன்று தளங்கள் குறிவைக்கும் சொற்களைக் காசு கொடுக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பெரும்பாலும் அவர்களே எழுதி வைத்திருப்பார்கள். முதலில் கூகுளில் ஆங்கிலத்தில் சைட் என்று தட்டி, இடைவெளி விடாமல் முக்காற்புள்ளி வைத்து, அதை ஒட்டியே அவர்கள் முகவரியைப் போடுங்கள். அந்தத் தளத்தின் பக்கங்கள் மட்டும் வரும். மொத்த எண்ணிக்கை காட்டினால் அதை நம்ப வேண்டாம். நமக்கு வேண்டியது நீலத் தலைப்புகள். ஒவ்வொரு தலைப்பின் முதல் நான்கைந்து சொற்கள்தான் அந்தப் பக்கம் பிடிக்க நினைக்கும் தேடல். அவர்கள் முகவரிக்குப் பின்னால் சாய்கோடு போட்டு சைட்மேப் டாட் எக்ஸ்எம்எல் என்று தட்டினால் பக்கப் பட்டியலே கிடைக்கும். வேர்ட்பிரஸ், ஷாப்பிஃபை தளங்களில் இது தானாகவே உருவாகிவிடும்.

அடுத்து, கூகுளின் விளம்பரச் சேவையான கூகுள் ஆட்ஸ் கணக்கில் கீவேர்ட் பிளானர். எந்தச் சொல்லை ஏறக்குறைய எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காட்டும் கருவி அது. புதுக் கணக்கென்றால் முதலில் ஒரு விளம்பரம் தயாரிக்கச் சொல்லி நச்சரிக்கும். தயாரித்து உடனே நிறுத்துங்கள். நின்றதா என்று மறுநாள் ஒருமுறை திறந்து பாருங்கள், இல்லாவிட்டால் அட்டையில் பணம் போகும். பிறகு 'டிஸ்கவர் நியூ கீவேர்ட்ஸ்' போய், 'ஸ்டார்ட் வித் எ வெப்சைட்' என்பதில் போட்டியாளரின் முகப்பு முகவரியைப் போடாமல், அவர்களின் கடலை எண்ணெய்ப் பக்க முகவரியைப் போடுங்கள். கீழே முழுத் தளமா, இந்தப் பக்கம் மட்டுமா என்று கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். முழுத் தளம் கொடுத்தால் நாட்டுச் சர்க்கரை, தேன், சீயக்காய் எல்லாம் கலந்து குப்பையாக வரும். இடத்தை இந்தியாவிலிருந்து தமிழ்நாட்டுக்கு மாற்ற மறக்காதீர்கள்.

வந்த பட்டியலை வாட்ஸ்அப் தாளோடு ஒப்பிடுங்கள். உங்கள் தாளில் இருந்து, அவர்கள் யாரிடமும் பக்கம் இல்லாத சொல்தான் உங்களுக்கு வேண்டியது. மேலே சொன்ன "ஆட்டித் தருவீங்களா"வைப் பாருங்கள். கூரியரில் பாட்டில் அனுப்பும் தளம் அதற்குப் பக்கம் போடாது, போடவும் முடியாது. "எள், கடலை, தேங்காய் ஆட்டிக் கொடுக்கப்படும், காங்கேயம்" என்று ஒரு பக்கம் போடுங்கள். கிலோவுக்குக் கூலி எவ்வளவு, குறைந்தது எத்தனை கிலோ கொண்டு வர வேண்டும், எவ்வளவு காய்ந்திருக்க வேண்டும், புண்ணாக்கு யாருக்கு, எந்த நாளில் வரலாம் என்று எழுதினாலே பக்கம் நிறைந்துவிடும்.

கேள்வி (வீட்டு மசாலாப் பொடி, தஞ்சாவூர்): அக்கா, பிளானரில் என் சொற்களுக்கு 10 முதல் 100 வரை என்றுதான் காட்டுகிறது. சிலவற்றுக்குக் கோடு மட்டும். அவற்றை விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள் தம்பி. விளம்பரத்துக்குச் செலவு செய்யாத கணக்குக்கு இப்படி அகலமான வரம்புதான் காட்டுவார்கள். 100 முதல் 1,000 என்றால் அது 120-ஆகவும் இருக்கலாம், 900-ஆகவும் இருக்கலாம். நெருக்கமான சொற்களை ஒன்றாகச் சேர்த்தும் எண்ணுகிறார்கள். அதனால் இதை வைத்துப் பெரிது சிறிது என்று வரிசைப்படுத்தலாம், விற்பனைக் கணக்குப் போட முடியாது. மாதம் நாற்பது பேர் தேடும் சொல்லில் நால்வர் வாங்கினாலும் வீட்டுத் தொழிலுக்கு அது நல்ல சொல்.

அங்கே 'காம்பெடிஷன்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதை வைத்துத்தான் பலர் தவறு செய்கிறார்கள். 'லோ' என்று பார்த்ததும் எளிதில் மேலே வந்துவிடலாம் என நினைக்கிறார்கள். அது விளம்பரதாரர்களுக்குள் நடக்கும் போட்டியின் அளவு. சாதாரணத் தேடல் முடிவில் மேலே வருவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கேள்வி (அதே தம்பி): சாட்ஜிபிடி ஒவ்வொரு சொல்லுக்கும் மாதத் தேடல் எண்ணே கொடுக்கிறதே?

பதில்: சொல் யோசனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எண்ணை அடித்துவிடுங்கள், அது பெரும்பாலும் ஊகம்.

கேள்வி (சுங்குடிப் புடவை, மதுரை): தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா? போட்டியாளர்கள் எல்லாரும் ஆங்கிலம்தான்.

பதில்: சுங்குடியை ஆங்கில எழுத்தில் எஸ் போட்டுத் தட்டுவோரும் உண்டு, சி-எச் போட்டுத் தட்டுவோரும் உண்டு, நடுவில் யு-வுக்குப் பதில் ஏ போடுவோரும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் வேண்டாம். எழுத்து வேறுபாட்டைக் கூகுள் பெரும்பாலும் புரிந்துகொள்ளும். பிரச்சினை சொல்லே மாறும்போதுதான். செக்குக்காரர் கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெய்க்கு வெளிநாட்டுப் பாணித் தளங்கள் 'செசமி ஆயில்' என்று எழுதும், நம் ஊர் அண்ணாச்சி கடையில் 'ஜிஞ்சிலி ஆயில்' என்பார்கள். இரண்டையும் பக்கத்துக்குள் கொண்டுவர வேண்டும். உங்கள் துறையில் 'டை அண்ட் டை', 'முடிச்சுப் புடவை', 'காட்டன் சுங்குடி' எல்லாம் அப்படித்தான்.

தலைப்பும் விலையும் ஆங்கிலத்தில், விளக்கம் தமிழில் என்று ஒரே பக்கத்தில் குழப்பாமல், தமிழுக்குத் தனிப் பக்கம் வையுங்கள். ஒரிஜினல் சுங்குடியை எப்படிக் கண்டுபிடிப்பது, முதல் அலசலில் சாயம் போகுமா போன்ற கேள்விகளுக்குத் தமிழில் நல்ல பக்கங்கள் குறைவு. பக்க முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். 'செக்கு' என்ற மூன்றெழுத்துச் சொல், கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் ஆறு குறி. முகவரியைக் காப்பி செய்து அனுப்பும்போது குறிக்கு ஒன்பது வீதம் 54 எழுத்தாக நீளும். அப்படி ஒரு சுட்டி வந்தால் வைரஸ் என்று பயந்து யாரும் தொட மாட்டார்கள்.

கேள்வி (அதே வாசகர்): முதலிடத்தில் உள்ள பக்கத்தை அப்படியே எடுத்துச் சொற்களை மட்டும் மாற்றிப் போட்டேன். மூன்று மாதமாக அசையவில்லை.

பதில்: ஏற்கெனவே இருக்கும் பக்கத்தின் நகலை இன்னொரு முறை காட்டக் கூகுளுக்குக் காரணம் இல்லை. சொல்லை எடுங்கள், பத்தியை எடுக்காதீர்கள். அது பதிப்புரிமைச் சிக்கலும்கூட.

கேள்வி (ஏசி சர்வீஸ், சேலம்): கூகுள் மேப்பில் ஒருவர் கடைப் பெயரோடு 'பெஸ்ட் ஏசி சர்வீஸ் இன் சேலம்' என்று சேர்த்து முதலில் நிற்கிறார். நானும் சேர்க்கட்டுமா சார்?

பதில்: சார் இல்லை, பரவாயில்லை. சேர்க்காதீர்கள். போர்டில் என்ன பெயரோ அதுதான் மேப்பிலும் இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. புகார் போனால் கணக்கையே முடக்கலாம். சீசன் நடுவில் முடங்கினால் அந்த வருடம் போச்சு. மேப்பில் அவர் கடைப் பக்கத்தைத் திறந்து 'சஜஸ்ட் ஆன் எடிட்' மூலம் சரியான பெயரை அனுப்பலாம், போர்டு தெரியும் படம் இருந்தால் நல்லது.

மேப்பில் பெயருக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது முதன்மை வகை. முதல் மூன்று கடைகளின் பெயருக்குக் கீழே அது தெரியும். அவர்கள் 'ஏர் கண்டிஷனிங் ரிப்பேர் சர்வீஸ்' என்று வைத்திருக்க, நீங்கள் 'ஏர் கண்டிஷனிங் ஸ்டோர்' என்று வைத்திருந்தால், ரிப்பேருக்குத் தேடுகிறவருக்கு நீங்கள் ஏசி விற்கும் கடை. முதன்மை ஒன்று, கூடுதலாக ஒன்பது வரை வைக்கலாம். பிறகு அவர்களின் ரெவ்யூக்களைப் படியுங்கள். 'கேஸ் நிரப்பினாங்க', 'தண்ணி ஒழுகல் நின்னுச்சு', 'இன்வெர்ட்டர் போர்டு மாத்தினாங்க' என்று வாடிக்கையாளர்கள் எழுதுவதுதான் உங்கள் சர்வீஸ் பட்டியலின் தலைப்புகள். ஒரு எச்சரிக்கை: தூரமும் கணக்கில் சேருவதால், ஃபேர்லேண்ட்ஸில் நின்று தேடினால் வரும் வரிசை அம்மாபேட்டையில் வராது. கடைக்குள் உட்கார்ந்து தேடிவிட்டு முதலிடம் என்று மகிழ வேண்டாம்.

கேள்வி (பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ், கோவை): பெரிய நிறுவனத்தின் பெயரையே விளம்பரக் கீவேர்டாகப் போடலாமா? சட்டப்படி தப்பா?

பதில்: உங்கள் துறையிலேயே வழக்கு நடந்திருக்கிறது. கூகுளுக்கும் டிஆர்எஸ் லாஜிஸ்டிக்ஸுக்கும் இடையிலான வழக்கில் 2023 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு, பிறர் வர்த்தகச் சின்னத்தைக் கீவேர்டாக வைப்பது அதைப் பயன்படுத்துவதுதான் என்றது. ஆனால் அதுவே மீறல் ஆகிவிடாது, தேடுகிறவர் குழம்பும்படி இருந்தால்தான் சிக்கல் என்றும் சொன்னது. ஆகவே விளம்பர வாசகத்தில் அந்தப் பெயர் வரவே கூடாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், பணமே வீண். அந்தப் பெயரைத் தட்டுகிறவருக்கு அவர்கள்தான் வேண்டும். உங்கள் பக்கம் பொருந்தாததால் ஒரு கிளிக்கின் விலையும் ஏறும். 'கோவை டு பெங்களூரு வீடு மாற்ற செலவு' போன்ற சொல்லுக்கு அதே பணத்தைப் போடுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர் தம்பி மறுபடி): பக்கத்தின் நிரலுக்குள், பார்ப்பவருக்குத் தெரியாமல் இருக்கும் மெட்டா கீவேர்ட்ஸ் பகுதியில் போட்டியாளர் பெயர்களை நிரப்பச் சொல்கிறார்கள் அக்கா.

பதில்: தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

கேள்வி (காங்கேயம்): பக்கம் போட்ட பிறகு வேலை செய்கிறதா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

பதில்: சர்ச் கன்சோல். உங்கள் தளம் கூகுள் தேடலில் எந்தச் சொல்லுக்கு எந்த இடத்தில் வருகிறது என்று காட்டும் கூகுள் கருவி. இலவசம், 16 மாதத் தரவு வைத்திருக்கும். பக்கம் போட்டு எட்டு வாரம் கழித்து 'பெர்ஃபார்மன்ஸ்' போய், அந்தப் பக்கத்தை மட்டும் வடிகட்டி, கடைசி 28 நாளை முந்தைய 28 நாளோடு ஒப்பிடுங்கள். சராசரி இடம் 8 முதல் 20-க்குள் உள்ள சொற்களில்தான் முதலில் கை வைக்க வேண்டும். அந்தச் சொல்லைத் தலைப்பின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து, அதற்கு நேரடி விடையாக நாலு வரி சேர்த்தாலே நகரும். மிகச் சிலர் மட்டும் தேடிய சொற்களைத் தனியுரிமைக்காக மறைத்துவிடுவார்கள். தமிழ்ச் சொற்கள் குறைவாகத் தெரிந்தால் யாரும் தேடவில்லை என்று முடிவு கட்டாமல், பக்கத்தின் மொத்தக் கிளிக்கைப் பாருங்கள்.

ஒரே சொல்லுக்கு உங்கள் தளத்தின் இரண்டு பக்கங்கள் மாறி மாறி வந்து, இரண்டுமே பின்னால் நின்றால், நல்லதில் மற்றதைச் சேர்த்துவிட்டு பழைய முகவரிக்கு 301 போட்டு விடுங்கள், அதாவது அங்கே வருகிறவர் தானாகவே நல்ல பக்கத்துக்குப் போகும்படி நிரந்தரமாகத் திருப்பிவிடுங்கள்.