உப்புவெளி ஹோட்டல் நேர்முகத்துக்கு என்ன உடுப்பது?

தம்பி, கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்து, திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் ஹோட்டல் வரவேற்பாளர் வேலைக்கு நேர்முகம், கோட் வேண்டுமா, தாடியை எடுக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள்.

கோட்டை மறந்துவிடுங்கள். கச்சான் என்கிற வெக்கைக் காற்று அடிக்கிற நாட்களில் அதைப் போட்டுக்கொண்டு வந்தால் வியர்த்து ஒழுகித்தான் உள்ளே போவீர்கள். முழுக்கை வெள்ளைச் சேர்ட், கறுப்பு அல்லது கருநீலக் காற்சட்டை, கறுப்புச் சப்பாத்து போதும். இளநீலச் சேர்ட் வேண்டாம், வியர்வை பட்ட இடம் அப்படியே கருத்துத் தெரியும். உள்ளே பருத்தி பெனியன் கட்டாயம்.

உங்களுக்கு உண்மையான சிக்கல் பஸ்தான். சனத்துக்குள் நெரிபட்டால் அயன் பண்ணியதெல்லாம் வீண். சாதாரண ரீசேர்ட்டோடு வாருங்கள், சேர்ட்டைத் தனியே கொண்டுவாருங்கள். திருகோணமலை டவுனில் தெரிந்தவர் வீடு இருந்தால் அங்கே முகம் கழுவி, மாற்றிக்கொண்டு ஓட்டோவில் போகலாம். உப்புவெளி அங்கிருந்து கிட்டத்தான். ஒரு மணித்தியாலம் முந்தியே டவுனுக்கு வந்துவிடுங்கள்.

தாடி மார்க்கத்துக்காக வைத்ததென்றால் எடுக்க வேண்டாம். கழுத்துப் பக்கத்தை வழித்து, ஓரத்தைச் சீராக வெட்டினால் சரி. முடியை இரண்டு மூன்று நாள் முன்பே வெட்டுங்கள். நகத்தை மறக்காதீர்கள், வரவேற்பு மேசையில் விருந்தாளி முதலில் பார்ப்பது சாவி நீட்டுகிற கையைத்தான். அத்தர் ஒரு துளிக்கு மேல் வேண்டாம், ஏசி அறையில் அது தலையிடிதான்.

ரை (கழுத்துப்பட்டி) கேட்டால் மட்டும் கட்டுங்கள், பையில் கிடக்கட்டும்.