அம்போசெலி யானைக் குடும்பங்கள்: கேட்டதும் சொன்னதும்

கென்யாவின் அம்போசெலியில் 1972-லிருந்து சிந்தியா மாஸ் குழுவினர் நடத்திவரும் யானை ஆய்வைப் பற்றி, குறிப்பாகக் குட்டிகளைப் பற்றி, கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

எல்லா யானையும் ஒரே மாதிரிதானே இருக்கிறது? எப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? – ரேவதி, திருச்சி

காதைப் பாருங்கள். ஆப்பிரிக்க யானையின் காது பெரியது. முள்ளில் மாட்டி ஓரமெல்லாம் கிழிந்திருக்கும். ஒரு யானைக்குக் காதின் மேல்பக்கம் ஒரு வெட்டு, இன்னொன்றுக்கு நடுவில் ஓட்டை. கூடவே தந்தத்தின் வளைவு, காதில் ஓடும் நரம்பு. இடமும் வலமும் தனித்தனியாகப் படம் எடுத்துக் கோப்பில் வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆங்கில எழுத்தில் ஒரு குறி. ‘ஈ.பி.’ (EB) குடும்பத்தில் எக்கோ, எனிட், ஈலை என்று பெயர்கள் E என்ற ஆங்கில எழுத்தில்தான் தொடங்கும். இப்படி இதுவரை மூவாயிரத்துக்கும் மேல் பதிவாகியிருக்கின்றன. பிறந்த குட்டிக்கு உடனே பெயர் வைத்துவிட மாட்டார்கள். முதல் சில வருடங்களில் இறப்பு அதிகம் என்பதால், அதுவரை தாயின் பெயரும் பிறந்த வருடமும்தான் அடையாளம்.

பிரசவத்தை நேரில் பார்ப்பார்களா? – செல்வம், ஈரோடு

அபூர்வம். பெரும்பாலும் இரவில்தான் பிறக்கும். நேற்று எண்ணிய குடும்பத்தில் இன்று காலை ஒன்று கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். புதுக்குட்டி என்றால் காதின் பின்பக்கம் இளஞ்சிவப்பாக இருக்கும், தும்பிக்கை சொன்னபடி கேட்காமல் ஆடும், தாயின் வயிற்றுக்கடியில் குனியாமல் நுழைந்து போகும். 22 மாதம் சுமந்து பெற்ற குட்டி, எடை சுமார் 100 கிலோவுக்கு மேல். அப்படியும் தாய்க்குப் பக்கத்தில் பார்த்தால் பொடியன்தான்.

ஊனத்தோடு பிறந்தால் விட்டுவிட்டுப் போய்விடுமாமே? – மாலதி அக்கா, கோவை

அக்கா, இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1990 பிப்ரவரி கடைசியில் எக்கோ ஒரு ஆண் குட்டி போட்டது. அதுதான் ஈலை. முன்னங்கால் இரண்டும் மூட்டில் மடங்கியே இருந்தன. பாதத்தைத் தரையில் ஊன்ற முடியாமல், மடங்கிய மூட்டிலேயே தேய்த்துத் தேய்த்து நகர்ந்தது. அந்த உயரத்தில் தாயின் முலைக்காம்பை எட்டுவதே பெரும்பாடு. அம்போசெலி வெயிலில் பால் இல்லாத குட்டி எத்தனை நாள் தாங்கும்? பிழைக்காது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தவர்களே பயந்தார்கள். 

குடும்பத்தின் மற்ற யானைகள் மேய்ச்சலுக்கும் தண்ணீருக்கும் நகர்ந்துவிட்டன. எக்கோ நகரவில்லை. இன்னும் பருவத்துக்கு வராத மகள் எனிடும் கூடவே நின்றது. தும்பிக்கையைக் குட்டியின் வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்குவது, அது சரிந்து விழுந்ததும் காத்திருப்பது, மறுபடி தூக்குவது. குட்டி இரண்டடி தேய்த்து நகர்ந்தால் தாயும் இரண்டடி. குட்டியும் சும்மா கிடக்கவில்லை. பின்பக்கமாகச் சாய்ந்து, மடங்கிய காலை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் பாதம் தரையில் பட்டது. அப்புறம் நடந்தது, வளர்ந்தது.

இதை வைத்து எல்லா யானையும் இப்படித்தான் என்று நான் சொல்ல மாட்டேன். எக்கோவுக்கு அப்போது வயது 45 இருக்கும். பல குட்டிகளை வளர்த்த அனுபவம். முதல் பிரசவம் கண்ட இளம் தாய்க்கு அந்தப் பொறுமை வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

குட்டி தும்பிக்கையால்தான் பால் உறிஞ்சுமா? – ஏழாம் வகுப்பு மாணவி, தேனி

இல்லை கண்ணு. தும்பிக்கையை மேலே தூக்கிவிட்டு வாயால்தான் குடிக்கும். முலை பசு மாதிரி பின்னால் இல்லை, முன்னங்கால்களுக்கு நடுவில்.

தாய் மேயும்போது குட்டியை யார் பார்ப்பது? – நசீமா, நாகூர்

அக்காமார், சித்திமார். இன்னும் குட்டி போடாத இளம் பெண் யானைகள் போட்டி போட்டுக்கொண்டு வரும். குட்டி ‘ஆ’ என்று அலறினால் தாய்க்கு முன்னால் இவைதான் ஓடும். ஆய்வாளர் ஃபிலிஸ் லீ அம்போசெலியில் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்: இப்படிப்பட்ட துணைகள் அதிகமுள்ள குடும்பத்தில் குட்டிகள் அதிகம் பிழைக்கின்றன. அந்தப் பெண்களுக்கும் இது பிள்ளை வளர்க்கும் பயிற்சி.

குட்டி போடும் வயது தாண்டிய கிழவி யானையால் என்ன பயன்? – பெயர் வேண்டாம் என்றவர்

கேள்வி கொஞ்சம் கொடூரம்தான், சரி. முதலில், யானைக்கு அந்த வயது அவ்வளவு சீக்கிரம் தாண்டாது. ஐம்பதுகளிலும் குட்டி போடும். அடுத்து, ஆய்வாளர் கேரன் மெக்கோம் குழுவினர் அம்போசெலி யானைகளுக்கு ஒலிபெருக்கியில் சிங்கக் கர்ஜனையைப் போட்டுப் பார்த்தார்கள். ஆண் சிங்கம் ஒன்றே குட்டியை வீழ்த்திவிடும் என்பதால் அதுதான் பெரிய ஆபத்து. தலைவிக்கு, அதாவது குடும்பத்தை வழிநடத்தும் மூத்த பெண் யானைக்கு, அறுபது வயதுக்கு மேல் இருந்த குடும்பங்கள் ஆண் குரலுக்கும் பெண் குரலுக்கும் வித்தியாசம் கண்டுபிடித்து, ஆண் குரல் என்றால் குட்டிகளை நடுவில் விட்டு நெருக்கியடித்து நின்றன. இளம் தலைவிகளின் குடும்பங்கள் அதில் கோட்டை விட்டன. 2011-இல் வெளியான ஆய்வு இது.

நம்மூர் யானையும் இதே மாதிரிதானா? – கார்த்திக், கூடலூர்

அப்படியே பொருத்தக் கூடாது. இலங்கை உடவளவையில் செய்த ஆய்வில், ஆசியப் பெண் யானைகளின் உறவு இன்னும் தளர்வாக, பிரிந்தும் சேர்ந்தும் இருப்பது தெரிந்தது. ‘தலைவி’ என்ற சொல்லை இங்கே கொஞ்சம் கவனமாகத்தான் பயன்படுத்த வேண்டும்.

மனிதர் தொட்ட குட்டியைத் தாய் சேர்க்காது என்கிறார்களே? – உதயா, பொள்ளாச்சி

சில நேரம் சேர்க்காமல் போவதுண்டு, ஆனால் விதி இல்லை. 2023 டிசம்பரில் உங்கள் பக்கம், வால்பாறை அருகே வழி தவறிய குட்டியை வனத்துறை தாயிடம் சேர்த்தது. தாயின் பக்கத்தில் அது தூங்கும் படத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். கூட்டம் கூடிச் செல்பி எடுப்பதுதான் உண்மையான தொல்லை. ஆள் நிற்கிற இடத்துக்குத் தாய் வராது.

பஞ்சம் வந்தால்? – ரேவதி (மறுபடியும்)

2009-இல் அம்போசெலியில் வந்தது. குட்டிகள் ஏராளமாகச் செத்தன, வயதான பெண் யானைகளும். பால் அதிகம் கேட்கும் ஆண் குட்டிகளுக்குத்தான் இப்படிப்பட்ட காலத்தில் கூடுதல் ஆபத்து. எக்கோவும் அந்த வருடம் மே மாதம் இறந்தது, முதுமையில். மழை திரும்பியதும், குட்டியை இழந்த தாய்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் சினைப்பட்டன. 22 மாதத்தைக் கூட்டிப் பாருங்கள்: 2011 கடைசியிலும் 2012-லும் எங்கு திரும்பினாலும் குட்டிகள்.

அப்பா யார் என்று எப்படித் தெரியும்? – செல்வம் (இவரும்)

தாய் யார் என்பது பால் குடிப்பதிலேயே தெரிந்துவிடும். அப்பாவுக்குச் சாணம்தான் சாட்சி. குட்டியின் சாணத்தையும் ஆண் யானைகளின் சாணத்தையும் எடுத்து மரபணுவை ஒப்பிடுகிறார்கள். பெரும்பாலும் மதம் பிடித்த, வயது முதிர்ந்த ஆண்கள்தான் தகப்பன்கள். இளவட்டங்களுக்கு வாய்ப்பு குறைவு.