கணக்குப் பெயரில் இடைவெளி இருந்தால் மென்பொருள் திறக்காமல் போகுமா?

போகும். புது லேப்டாப், மென்பொருள் ஒழுங்காகத்தான் இன்ஸ்டால் ஆனது, ஐகானைத் தட்டினால் கருப்புப் பெட்டி ஒன்று மின்னி மறைகிறது, அதே மென்பொருள் நண்பர் லேப்டாப்பில் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் விண்டோஸ் கணக்கின் பெயரில் இனிஷியல் இருக்கும், இனிஷியலுக்கும் பெயருக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் 14 வருடமாக கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இந்த ஒரு இடைவெளியால் நல்ல வாடிக்கையாளர் ஒருவரை இழந்தவன் நான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2018-இல் திருப்பாப்புலியூரில் ஓர் ஆடிட்டர் ஆபீசுக்குப் புது மெஷின் ஒன்று போட்டுக் கொடுத்தேன். அங்கே மூத்த ஊழியரான ஓர் அம்மாவுக்கான மெஷின் அது. கணக்கு உருவாக்கும்போது பெயர் கேட்டு, ‘ஆர்’, புள்ளி, ஓர் இடைவெளி, அப்புறம் அவர் பெயர் என்று மரியாதையாக முழுசாகப் போட்டேன். யாருக்குப் போட்டாலும் அப்படித்தான் போடுவேன்.

அந்த மாதம் 20-ஆம் தேதி காலையில் போன் வந்தது. டிஜிட்டல் கையெழுத்து போடும் மென்பொருள் திறக்கவில்லை. மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்ய அன்றுதான் கடைசி நாள். தவறினால் நாளுக்கு 50 ரூபாய், வட்டி தனி. கம்பெனியாகப் பதிவான கட்சிக்காரர்களுக்கு, டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் டோக்கன் என்ற யுஎஸ்பி குச்சியைச் செருகிக் கையெழுத்து போட்டே ஆக வேண்டும். ஓடினேன். அந்த மென்பொருள் ஓடத் தேவையான ஜாவாவை இரண்டு முறை அழித்துவிட்டுப் போட்டேன். ஆன்டிவைரஸை நிறுத்திப் பார்த்தேன். டோக்கனை வேறு போர்ட்டில் மாற்றினேன். பக்கத்து மேஜையில் இருந்த பழைய மெஷினில் அதே மென்பொருள் உடனே திறந்தது. ஆடிட்டர் சார் எல்லார் முன்னாலும், “தம்பி, பழசு ஓடுது, நீங்க வித்ததுதான் ஓடல” என்றார். பதில் சொல்ல முடியாமல் நின்றேன்.

நாலு மணி இருக்கும். ஐகானைத் தட்டுவதை விட்டுவிட்டு, முதலில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கருப்புப் பெட்டியான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, அந்த மென்பொருளைத் தொடங்கி வைக்கும் பேட்ச் கோப்பை அதற்குள் இழுத்துப் போட்டு என்டர் தட்டினேன். இப்படிச் செய்தால் பெட்டி மூடாது. ஒரே ஒரு வரி வந்தது. ஜார் கோப்பை, அதாவது ஜாவா மென்பொருள் அடங்கிய கோப்பை, அணுக முடியவில்லை என்று சொல்லி, பாதையைக் காட்டியிருந்தது: சி:\யூசர்ஸ்\ஆர். அவ்வளவுதான். புள்ளியோடு வரி நின்றுவிட்டது. கணக்குப் பெயரிலேயே விண்டோஸ் உருவாக்கும் கோப்புறைக்குள்தான் அந்த மென்பொருள் இருந்தது, ஆனால் பாதையில் அந்த அம்மாவின் பெயரைக் காணோம்.

கட்டளை வரியில் இடைவெளி என்றால், ஒரு சொல் முடிந்து அடுத்த சொல் தொடங்குகிறது என்று அர்த்தம். முழுப் பாதையையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் வைத்தால்தான் அது ஒரே சொல். அந்தப் பேட்ச் கோப்பை எழுதிய புரோகிராமர் மேற்கோள் போடவில்லை. அவருடைய மெஷினில் கணக்குப் பெயர் ஒற்றைச் சொல்லாக இருந்திருக்கும், அவருக்கு ஓடியிருக்கும். கோப்பை நோட்பேடில் திறந்து இரண்டு மேற்கோள் குறி சேர்த்தேன். திறந்தது. அன்றைக்கு ரிட்டர்ன் எல்லாம் போய்விட்டது. ஆனால் அடுத்த மாதம் அந்த மென்பொருள் புதுப்பித்துக்கொண்டபோது நான் திருத்திய கோப்பின் மேல் பழையபடியே எழுதிவிட்டது. மறுபடி நின்றது. அப்புறம்தான் இடைவெளி இல்லாத புதுக் கணக்கு போட்டுக் கொடுத்தேன், பிறகு தொந்தரவே இல்லை. ஆனாலும் அடுத்த மெஷின்களை அவர்கள் என்னிடம் வாங்கவில்லை.

“இது புரோகிராமர் தப்பு, பெயர் வைத்தவர் தப்பில்லை” என்று சிலர் சொல்வீர்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். நீளப் பெயரும் இடைவெளியும் விண்டோஸில் 1995-லேயே வந்துவிட்டன. ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்ற பெயரிலேயே இடைவெளி இருக்கிறது. கணக்குக் கோப்புறைகள் இருக்கும் இடத்துக்கே விண்டோஸ் எக்ஸ்பியில் ‘டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’ என்று பெயர், அதில் இரண்டு இடைவெளி, அடுத்து வந்த விஸ்டாவில்தான் ‘யூசர்ஸ்’ என்று சுருக்கினார்கள். 2001-இல் ஆப்பிளின் ஐடியூன்ஸ் 2.0 இன்ஸ்டாலர், டிஸ்க்கின் பெயர் இடைவெளியில் தொடங்கியிருந்தால் அந்த டிஸ்க்கையே அழித்தது. அங்கேயும் மேற்கோள் குறி விடுபட்டதுதான் காரணம். அவ்வளவு பெரிய இடத்திலேயே நடந்த தவறுக்கு, கடைசியில் திட்டு வாங்குவது சர்வீஸ்காரன்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். செட்டிங்ஸில் பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள், திரையில் பெயர் மாறும், கோப்புறை பழைய பெயரிலேயே இருக்கும். கோப்புறையைக் கையால் பெயர் மாற்றவும் வேண்டாம், கணக்கே கெட்டுப்போகலாம். இடைவெளியும் புள்ளியும் இல்லாமல் ஒற்றைச் சொல்லில் புது லோக்கல் கணக்கு (அந்த லேப்டாப்பில் மட்டும் இருக்கும் கணக்கு) தொடங்கி, கோப்புகளை அங்கே கொண்டுபோங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் மின்னஞ்சலின் முதல் ஐந்து எழுத்தைக் கோப்புறைப் பெயராக அதுவே எடுத்துக்கொள்ளும். மென்பொருளை ‘நியூ ஃபோல்டர்’ உள்ளே வைத்திருந்தாலும் இதே கதைதான், அதிலும் இடைவெளி உண்டு. புராஜெக்ட்டுக்கு ஹடூப் என்ற, ஜாவாவில் ஓடும் மென்பொருளைப் போட வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு, ஜாவா பாதையில் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்பதற்குப் பதில் ‘புரோக்ரா~1’ என்ற குறும்பெயரைப் போட்டுக் கொடுப்பேன். அதில் இடைவெளி இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டபோது ‘கடைசிப் பெயர்’ கட்டாயம் என்றது. இனிஷியலைப் போட்டால் ஓர் எழுத்து போதாது என்றது. என் பெயரை எழுதினேன். இப்போது அங்கிருந்து யார் போன் செய்தாலும் அவளை என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஒரு சான்றிதழில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், ஒன்றில் புள்ளி உண்டு, ஒன்றில் இல்லை. எல்லாம் ஒரே பிள்ளைதான் என்று நிரூபிக்க நோட்டரியிடம் போய் அஃபிடவிட் வாங்கினேன். அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்வது நம் ஊரில் எத்தனை தலைமுறையாக இருக்கும் வழக்கம். படிவம் செய்பவர்கள் நம்மில் ஒருவரிடமாவது கேட்டிருக்கலாம்.

சரி, உங்கள் லேப்டாப். புதுக் கணக்கு போடுவதற்கு முன்னால், நான் சொன்ன மாதிரி கமாண்ட் பிராம்ப்டில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். வரும் வரி எந்த எழுத்தோடு நிற்கிறது என்று கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.